பெரியப்பா உயரத்துக்கு ஒரு தாங்கி

எங்கள் அப்பா தன் வாழ்நாளில் செய்த சாமான்களிலேயே மிகச் சரியானது எது என்று கேட்டால், நான் ஒரு துப்பாக்கித் தாங்கியைத்தான் சொல்வேன். மூன்றே மூன்று குண்டுகளுக்காகச் செய்தது அது. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அது அவ்வளவு சரியாக அமையாமல், கொஞ்சம் கோணலாக, ஆடிக்கொண்டு நின்றிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்குப் போத்தனூரில் ரயில் பாதை ஓரமாக ஒரு லேத் பட்டறை. வீடும் அதற்குப் பின்னாலேயே. கிரைண்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுப்பார். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குக்குப் பட்டறையில் நூல் என்று பெயர். "அரை நூல் தப்புனா அது சாமான் இல்ல அம்மணி, காயலாங்கடைக்குத்தான் போகோணும்" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே நான் ஸ்கேலில் நூல் எண்ணப் பழகிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்பாவின் அண்ணனுக்குத் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தோட்டம். பெரியப்பா நல்ல உயரம். உட்கார்ந்து பேசுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. தானியம் போட்டு வைக்கும் அறையின் நிலைக்கட்டையில் தோளைச் சாய்த்து நின்றபடிதான் நாளெல்லாம் பேசுவார், கணக்குச் சொல்வார், திட்டுவார். அவர் தோள் பட்டுப் பட்டு நிலைக்கட்டையில் எண்ணெய்க் கறை ஒன்று கறுப்பாகப் படிந்திருந்தது. பெரியம்மா சாம்பல் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

அவரிடம் ஒரு ரைபிள் இருந்தது. வால்பாறை எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரன் ஒருவனிடம் தாத்தா வாங்கியது. யானை சுடுவதற்கென்றே செய்த ரகமாம். ஒரு தோட்டா என் உள்ளங்கை நீளம் இருக்கும். சுட்டால் முன்னால் போகிற வேகத்தில் பாதி, சுட்டவன் தோளுக்கும் வந்து சேரும். சட்டப்படி அதை வைத்து யானையைச் சுடக்கூடாது என்பதால் அது வருடத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்வதோடு சரி. தோட்டாக்களும் ஐந்துதான் மிச்சம். கடையில் கிடைக்கிற சரக்கல்ல.

ரைபிளில் குறி பார்ப்பதற்கு இரண்டு இடம் உண்டு. குழலின் நுனியில் ஒரு சிறு மணி. கண்ணுக்குப் பக்கத்தில், நடுவில் பள்ளம் வெட்டிய ஒரு தகடு. பள்ளத்துக்குள் மணியை நிறுத்தினால் குண்டு அந்தத் திக்கில் போகும். பின்னால் இருந்த தகடு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்ததால், நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அப்பா புதிதாக ஒரு தகட்டை அரத்தால் ராவி, குழல்மேல் குறுக்கே வெட்டியிருந்த காடியில் இறுக்கமாகத் தட்டி ஏற்றிக் கொடுத்தார். எமரித் தாள் போட்டு மினுக்கியது நான்தான். சுட்டுப் பார்த்துவிடலாம் என்று அப்பா சொன்னதற்கு, "அஞ்சு குண்டுல ஒன்ன எதுக்குடா வீணாக்கோணும்? நீ செஞ்சா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கிளம்பினார். வழக்கமாக எதைப் பொருத்தினாலும், பின்னால் நகர்ந்தால் தெரியட்டும் என்று அடையாளத்துக்கு ஒரு கோடு கிழித்து வைக்கிற அப்பா, அண்ணனுக்குப் பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் அன்றைக்கு அதை மறந்துவிட்டார்.

எட்டாம் நாள் பெரியப்பா இறந்துபோனார். விடியற்காலை ஒற்றை யானை ஒன்று வாழைக்குள் இறங்கியிருக்கிறது. தோட்டத்தில் தண்ணி கட்டுகிற அண்ணன் பயந்து மோட்டார் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். யானை அந்தச் சுவரை முட்டத் தொடங்கியது. உள்ளே இருந்த ஆளைக் காப்பாற்றப் பெரியப்பா வாய்க்கால் மேட்டில் நின்று நாற்பது கெஜத்தில் இரண்டு குண்டு சுட்டார். யானை விழவில்லை. திரும்பியது.

மீதியை வீட்டில் யாரும் என் முன்னால் பேசியதில்லை. தண்ணி கட்டுகிற அண்ணன் மட்டும் எப்போது போனாலும் ஒரே மாதிரி சொல்வார். அவர் யானை என்று சொல்லமாட்டார். "சாமியச் சுட்டா சாமி உடுமா கண்ணு? அந்தத் துப்பாக்கியத் தொட்டவீங்க யாரும் தப்ப முடியாது." அவர் உயிரைக் காப்பாற்றப் போய்த்தான் பெரியப்பா போனார் என்பதை நினைத்தால், இப்படிப் பேச அவருக்கு எப்படி மனது வந்தது என்று இப்போது கோபம் வருகிறது. அப்போது பயம்தான் வந்தது.

ரைபிளைப் போலீசார் எடுத்துப்போய்ச் சாக்கில் சுற்றி அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். விசாரணை முடிந்து, லைசென்ஸ் அப்பா பெயருக்கு மாறி, அது அதே சாக்கோடும் முத்திரையோடும் பெரியம்மா வீட்டுக்குத் திரும்பி வர இரண்டு வருடம் ஆனது. வந்த வாரமே அப்பா தாங்கி செய்ய ஆரம்பித்தார்.

தண்டவாளத்துக்குப் போட்டுக் கழித்த கட்டைகளில் மூன்றை வாங்கி வந்து கால்களாக விரித்தார். நடுவில் போர்வெல் குழாய் ஒன்றை நிறுத்தினார். ஆடக்கூடாது என்று விரிசல் விட்ட கிரைண்டர் கல் ஒன்றை அதன் அடியில் மாட்டினார். குழாயின் தலையில், முன்னால் ஒரு கவையும் பின்னால் ஒரு கவையும். இரண்டிலும் மணல் மூட்டை வைத்து, அதன் மேல் ரைபிளைப் படுக்க வைத்து, நின்றபடியே சுடலாம்.

"உக்காந்து சுட்டா என்னங்கப்பா?" என்று கேட்டேன்.

"உக்காந்தா உதை பூராவும் தோள்லயே நின்னுக்கும் கண்ணு. எலும்பே போயிரும். நின்னு சுட்டா ஒடம்பு பின்னால சாஞ்சு உதைய வாங்கிக்கும். குறியும் அலுங்காது, ஆளுக்கும் வலிக்காது."

அப்படியே குறித் தகட்டைப் பற்றியும் சொன்னார். அதை வலது பக்கம் அரை நூல் தள்ளினால், நாற்பது கெஜம் தாண்டி, குண்டு நாலு விரல் வலது பக்கம் போய்விடும். தள்ள வேண்டுமானால் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்ட வேண்டும், இரும்பை வைத்தால் தழும்பு விழும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற அப்பா கிடைப்பது கொடுப்பினை என்பார்கள். எனக்கு அது அப்படி அமையவில்லை.

உயரம்தான் எனக்குப் புரியாத விஷயமாக இருந்தது. ஏற்றி இறக்கிக்கொள்ளக் குழாயில் பத்துத் துளை போட்டிருக்கலாம். அப்பா ஒரே ஒரு துளை போட்டார். அதற்கு அளவெடுக்க ஒரு நாள் தோட்டத்துக்குப் போய், நிலைக்கட்டையில் இருந்த எண்ணெய்க் கறைக்கு டேப் பிடித்தார். நாலே முக்கால் அடி. அப்பா பெரியப்பாவைவிடக் குள்ளம். தாங்கியை நிறுத்திப் பார்த்தபோது, கீழே காலுக்கு ஒன்றாக இரண்டு செங்கல் போட்டு ஏறி நின்றால்தான் அவர் தோளுக்கு எட்டியது. அரை நூலுக்கு அடித்துக்கொள்கிற மனிதர் இப்படி மூன்று அங்குலம் தப்புவிட்டாரே என்று நான் ஸ்கேலோடு போய்ச் சுட்டிக்காட்டினேன். "அது செரியாத்தான் இருக்குது, போ" என்றார்.

மணல் மூட்டைக்குத் துணி வேண்டுமென்று பெரியம்மாவிடம் பெரியப்பாவின் காக்கிப் பேண்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். இரண்டு காலையும் வெட்டி, ஒரு முனையைத் தைத்தார். அளவு பார்க்க மரத்தூளை அடைத்துக் கவைகளில் வைத்தார். அன்றிலிருந்து அம்மா பட்டறைப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் டீ கொண்டுபோனால் எனக்கும் வாசலிலேயே கால் நின்றுவிடும். உள்ளே இருட்டில், தலை இல்லாமல், பெரியப்பா உயரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அது தாங்கிதான் என்று தெரியும். தெரிந்தும் நான் ஒரு நாளும் அதற்கு முதுகைக் காட்டி நடக்கவில்லை.

அப்பா அந்த யானையைச் சுடப் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு எதற்கு இத்தனை பாடு? சுட்டால் சாமி விடாது. பெரியப்பா போன வழியில் அப்பாவும் போய்விடுவார். பட்டறையில் இன்னொரு எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சும். இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். அம்மா குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை தாங்கியை வாடகை டெம்போவில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். நானும் அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். அப்பா அதை இறக்கிய இடத்தைப் பார்த்ததும் தண்ணி கட்டுகிற அண்ணன் தாங்கியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார். அது வாய்க்கால் மேடு. பெரியப்பா நின்ற அதே இடம். அந்த வாழைக்காட்டில் இரண்டு வருடமாக யாரும் எதுவும் வைக்கவில்லை. காய்ந்த வாழைக்கட்டைகள் மட்டும் முண்டம் முண்டமாக நின்றன. எதிரே, யானை நின்ற இடத்தில், கிணறு வெட்டிய மண்மேட்டை ஒட்டி, அட்டைப்பெட்டியைப் பிரித்து நடுவில் கரியால் ஒரு வட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

பெரியம்மா காப்பித் தூக்கோடு வரப்பில் வந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"அவராட்டவே நிக்குதுங்க தம்பி."

அப்பா குனிந்து தாங்கியின் காலை மண்ணில் அழுத்தினார்.

"வேண்டாமுங்க. தெரிஞ்சு மட்டும் என்ன பண்ணப் போறீங்க? போன உசுரு வந்துருமுங்களா?"

"தெரியோணும் அண்ணி" என்றார் அப்பா. "நாளைக்குக் காலைல, அதே நேரத்துக்குப் பாத்துப்போடலாம்."

எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. யானையை எப்படி விழுத்துவது என்பதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மதியம் தானிய அறையில் அப்பா அரக்கு முத்திரையை உடைத்தார். ரைபிளை எடுத்து, கட்டிலில் விரித்த வெள்ளை வேட்டியின் மேல் கிடத்தினார். சாமான் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துக் குறித் தகட்டுப் பக்கம் கொண்டுபோனார். வைக்கவில்லை. திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, வேட்டியின் மறுபாதியால் ரைபிளை மூடினார். பிறகு மூட்டைக்கு மணல் அள்ளிவரத் தண்ணி கட்டுகிற அண்ணனோடு பள்ளத்துக்குப் போனார். பெரியம்மா சமையலறையில் தலைக்குக் கையை வைத்துப் படுத்துவிட்டாள்.

துப்பாக்கி கெட்டுப்போயிற்று என்று தெரிந்தால் அப்பா அதைக் கட்டி வைத்துவிடுவார். இதுதான் என் திட்டம். பத்து வயதுக்கு அது நல்ல திட்டம்தான்.

அப்பாவின் பெட்டியில் பித்தளைக் கம்பியும் சின்னச் சுத்தியலும் இருந்தன. வேட்டியை விலக்கினேன். செத்தவர் முகத்தைத் திறப்பது போல் இருந்தது. நான் மினுக்கிய தகடு இன்னும் மினுமினுத்தது. கம்பியை அதன் இடது பக்கம் வைத்துத் தட்டினேன். அந்த மத்தியான வேளையில் ஒவ்வொரு தட்டும் ஊரே கேட்கிற மாதிரி ஒலித்தது. நகரவில்லை. ஓங்கித் தட்டினேன். அப்போது கதவுப் பக்கம் யாரோ சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. பெரியப்பாவின் வெற்றிலை வாசம் வந்தது; சத்தியமாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். நிலைக்கட்டையில் கறை மட்டும்தான் இருந்தது. அது ஈரமாக இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

அழுதுகொண்டே தட்டினேன். ஆறாவது தட்டுக்கு அது நகர்ந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் அரை நூல். அப்பாவின் மகள் இல்லையா, வேலையில் குறை வைக்கவில்லை. தழும்பு விழாமல், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்து, வேட்டியைப் பழையபடி மூடிவிட்டு வந்து பெரியம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் போனபோது, தாங்கியைச் சுற்றி யானைக் காலடி. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. முறம் அகலத்துக்கு ஒவ்வொன்றும். பக்கத்துத் தோட்டத்துச் சோளம் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. எங்கள் தாங்கியில் ஒரு கீறல்கூட இல்லை. மணல் மூட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. "வந்து பாத்துப்போட்டுப் போயிருக்குதுங்க" என்று தண்ணி கட்டுகிற அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டார். இரும்பு வாசம் பிடித்து வந்திருக்கும் என்று அப்பா சொன்னார். அவர் குரல் அவருடையது மாதிரி இல்லை.

பிறகு செங்கல் மேல் ஏறி நின்றார். பெரியப்பாவின் பேண்ட் கால்களின் மேல் ரைபிளைப் படுக்க வைத்தார். கன்னத்தைச் சாய்த்து, ஒரு கையால் மூட்டையை அணைத்துக்கொண்டார். பின்னால் நின்று பார்த்த எனக்கு, யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் இருந்தது. காதைப் பொத்திக்கொண்டேன்.

மூன்று முறை சுட்டார். ஒவ்வொரு முறையும் அவர் உடம்பு பின்னால் சாய்ந்து, மெல்லத் திரும்பி வந்தது. தாங்கி இம்மியும் அசையவில்லை. மலையில் பட்டு மூன்று முறையும் சத்தம் திரும்பி வந்தது. கடைசிச் சத்தம் அடங்கிய பிறகும் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

அட்டையில் மூன்று ஓட்டைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஒரு ரூபாய்க்காசால் மூடிவிடலாம் போல இருந்தன. வட்டத்துக்கு வலது பக்கத்தில். அப்பா வட்டத்தின் நடுவுக்கும் ஓட்டைகளுக்கும் இடையே கையை வைத்தார். நாலு விரல். கையை எடுக்காமல் அப்படியே வெகுநேரம் நின்றார்.

நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்பா தாங்கிக்குத் திரும்பி வந்து மூட்டைகளைப் பிரித்து மணலை அந்த இடத்திலேயே கொட்டினார். காக்கித் துணிகளை உதறி மடித்தார். வரப்பில் நின்ற பெரியம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டி, "என்ர வேலைதானுங்க அண்ணி" என்றார். பெரியம்மா வாங்கிக்கொண்டாள். அன்று காலையில் அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, என்னைத் தவிர. இரண்டு வாரப் பசி எனக்கு.

அந்த மாதமே அப்பா ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். யானையை யாரும் சுடவில்லை. அப்பா உயிரோடு இருந்தார். என் திட்டம் அப்படியே பலித்தது. அதை யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியவில்லையே என்பது ஒன்றுதான் அப்போது எனக்கிருந்த வருத்தம். அதற்குப் பிறகு அப்பா எதைப் பூட்டினாலும் ஒன்றுக்கு மூன்றாகக் கோடு கிழிக்கத் தொடங்கினார். குழாய்த் திருகு, குக்கர் கைப்பிடி, என் சைக்கிள் சீட், எல்லாவற்றிலும் கோடுகள். அம்மா ஒரு நாள் பொறுக்காமல் அழுதாள்.

எதற்காக அந்தத் தாங்கி என்று பெரியம்மா எனக்குச் சொன்னபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணச் சேலையை மடித்துக்கொண்டே, ஏதோ எல்லோருக்கும் தெரிந்த சங்கதி போலச் சொன்னாள். பெரியப்பாவின் கை தவறியதா, தம்பி செய்த தகடு தவறியதா என்று தெரிந்துகொள்ளத்தான் அப்பா அதே உயரத்தில், அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று சுட்டாராம். "அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கிருந்து அவரு பாதி ஆளுதான்" என்றாள்.

அன்றைக்கே போத்தனூர் வந்து, பட்டறையில் ஒரு நட்டைப் பூட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, சுத்தியல், ஆறு தட்டு, அரை நூல். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"எந்தப் பக்கமாத் தள்ளுனே?"

"வலது பக்கமாத் தள்ளுனேனுங்கப்பா."

"அட்டையப் பாத்தவீங்க யாரும் அதத்தான கண்ணு சொல்லுவாங்க." சிரித்தார். "பெரியம்மா சொல்லிப்போட்டாங்களாக்கும். எனக்காகப் பொய்யெல்லாம் சொல்லாத சாமி. கல்யாணப் புள்ள நீ."

நான் சத்தியம் செய்தேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, நட்டின் மேல் கோடு கிழித்தார். கடைசிவரைக்கும் அவர் நம்பவில்லை. தகடு முதலில் சரியாகத்தான் இருந்ததா என்பது எனக்கும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நானே தட்டி நகர்த்திவிட்டேன்.

சுட்டுப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தொண்டாமுத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அப்பா. அவருடைய தோள் வழி நெடுக நடுங்கிக்கொண்டே வந்தது. அதில் என் தலை சாய்ந்திருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"துப்பாக்கி ரொம்ப உதைச்சுதுங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு" என்றார் அப்பா. "ரொம்ப உதைச்சுப்போட்டுது."

வீட்டுக்குப் போனதும் நானே நல்லெண்ணெய் காய்ச்சி அந்தத் தோளில் தேய்த்துவிட்டேன். உதை தோளில் விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தாங்கியையே செய்தார் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.